மலிவா? மெலிவா? – மடிக்கணினி வந்த வழி

 

எஸ்.பி.எம். முடிவு வந்த கையோடு நம் வீடுகளில் ஒரு பேச்சு எழும். "அப்பா, எனக்கு லேப்டாப் வேணும்" என்று பிள்ளை கேட்கும். வாங்கிக் கொடுப்பதா வேண்டாமா என்பதில் இப்போது வழக்கு இல்லை. எதை வாங்குவது என்பதில்தான் வழக்கு. கடையில் ஆயிரத்து ஐந்நூறு வெள்ளிக்கும் ஒன்று இருக்கிறது. அதன் பக்கத்திலேயே மூன்று மடங்கு விலையில், பரீட்சை அட்டை போல மெலிதாக, பளபளவென்று இன்னொன்றும் இருக்கிறது. தகப்பனாரின் கண் முதலாவதில் நிற்கும். பிள்ளையின் கண் இரண்டாவதில் நிற்கும். தாயார் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். நம் நாட்டில் 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அப்படியானால் மலிவுப் பெட்டியே ஓர் ஆளின் ஒரு மாத உழைப்பு! செம்பனைக் குலை வெட்டிச் சேர்த்த காசை எதில் போடுவது என்பது சின்ன விஷயமா?

"விலைச் சீட்டைப் பார்த்து வாங்க வேண்டியதுதானே, இதற்கு வரலாறு என்னத்துக்கு?" என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். இந்த இரண்டு பெட்டிகளும் நேற்றுப் பிறந்தவையல்ல. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இவை அண்ணன் தம்பி போல ஒன்றுக்கொன்று போட்டியாகவே வளர்ந்திருக்கின்றன. விலையைக் குறைத்தவர்கள் எதையோ வெட்டித்தான் குறைத்தார்கள். எடையைக் குறைத்தவர்களும் எதையோ வெட்டித்தான் குறைத்தார்கள். எதை வெட்டினார்கள் என்று தெரிந்துகொண்டால், கடைக்காரர் சொல்லாத பல சங்கதிகள் நமக்கு விளங்கும்.

முதலில் ஒரு கனவு. 1972-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஆலன் கே என்னும் அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். நோட்டுப் புத்தக அளவில், இரண்டு கிலோவுக்கும் குறைவான எடையில் ஒரு கணினி வேண்டும் என்றார். விலை ஐந்நூறு டாலர் அளவில் இருக்க வேண்டும் என்றார். யாருக்காக? குழந்தைகளுக்காக! கணினி என்றால் ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நின்ற காலத்தில் அப்படி எழுதினார். அவர் கேட்டதைச் செய்ய அன்று யாராலும் முடியவில்லை. 1975-இல் ஐ.பி.எம். நிறுவனம் "எடுத்துச் செல்லத்தக்க கணினி" என்று சொல்லி 5100 என்ற பெட்டியை வெளியிட்டது. அதன் எடை ஏறக்குறைய 25 கிலோ. நாம் கடையில் வாங்கும் பெரிய அரிசி மூட்டை அதே எடைதான். அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுங்கள் பார்ப்போம்! விலையோ ஒன்பதாயிரம் டாலருக்குப் பக்கத்தில் தொடங்கி இருபதாயிரம் டாலர் வரை போயிற்று.

இந்த இடத்தில்தான் நமக்குக் கொஞ்சம் உறவு கொண்டாடத் தகுந்த ஒரு மனிதர் வருகிறார். அவர் பெயர் ஆடம் ஆஸ்போர்ன். 1939-இல் பாங்காக்கில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் ஆர்தர் ஆஸ்போர்ன் ஆங்கிலேயர். பாங்காக்கின் சூளாலங்கோன் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். ரமண மகரிஷியின் அடியார். ஜப்பான்காரன் காலத்தில் தகப்பனார் சயாமிலே சிறைப்பட்டுக் கிடந்தார். சயாம் என்றதும் நம் பெரியவர்களுக்கு வேறொரு நினைவு வரும். அந்த ரயில் பாதையில் மாண்டவர்களை நாம் மறந்துவிடலாகாது. தாயாரும் பிள்ளைகளும் அந்த ஆண்டுகளில் திருவண்ணாமலையில் இருந்தார்கள். அந்த மலையடிவாரத்தில் வளர்ந்து, கொடைக்கானலில் பள்ளிக்கூடம் போய், 1950-இல் பதினோரு வயதில் இங்கிலாந்துக்குப் போன அந்தப் பையன்தான், 1981-இல் உலகில் நன்றாக விற்பனையான முதல் 'தூக்கு கணினி'யை வெளியிட்டவர். ஆஸ்போர்ன் 1 என்பது அதன் பெயர்.

அந்தப் பெட்டி எப்படி இருந்தது தெரியுமா? தையல் மெஷினைப் பெட்டிக்குள் வைத்து மூடிக் கைப்பிடி போட்ட மாதிரி. எடை 11 கிலோ. விமான இருக்கையின் அடியில் நுழையும்படி அளவெடுத்துச் செய்தார்கள். மின்கலம் கிடையாது, சுவரில் பிளக்கைச் செருகினால்தான் உயிர் வரும். திரை வெறும் ஐந்து அங்குலம், இன்றைய கைப்பேசியைவிடச் சிறியது. ஒரு வரியில் 52 எழுத்துகள்தாம் தெரியும். ஆனால் விலை 1,795 டாலர். அந்த விலைக்குள்ளேயே எழுதுவதற்கும் கணக்குப் போடுவதற்குமான மென்பொருள்களையும் சேர்த்துக் கொடுத்தார். தனியாக வாங்கினால் மென்பொருளுக்கு மட்டுமே ஆயிரத்து ஐந்நூறு டாலர் அளவுக்கு ஆகியிருக்கும். ஆஸ்போர்னின் கொள்கை இரண்டே சொல்லில் அடங்கும்: தேவைக்குப் போதுமானது போதும். அதற்கு மேல் உள்ளதெல்லாம் வீண் செலவு என்பது அவர் கட்சி. ஜனங்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஒரு கட்டத்தில் மாதத்துக்குப் பத்தாயிரம் பெட்டிகள் விற்றன.

சரி, மலிவு என்கிறோமே, நம் கணக்கில் அது எவ்வளவு? அன்றைய நாணய மாற்றில் நாலாயிரம் வெள்ளிக்கு மேல். பால்மரம் வெட்டுகிறவர் வீட்டில் கனவிலும் எட்டாத தொகை. மலிவு என்ற சொல் யாருடைய சட்டைப் பையை வைத்துச் சொல்லப்படுகிறது என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்த ஆண்டே, 1982-இல், எதிர்த்திசையிலிருந்து இன்னொரு பெட்டி வந்தது. கிரிட் காம்பஸ் என்று பெயர். கறுப்பு நிறம், மக்னீசியம் உலோகத்தால் ஆன உடல், திரையை மடித்து விசைப்பலகையின் மேல் மூடிவிடலாம். இன்று உங்கள் பிள்ளை கேட்கும் மடிக்கணினியின் உருவம் அங்கே பிறந்ததுதான். எடை 5 கிலோ, அதாவது ஆஸ்போர்னில் பாதிக்கும் குறைவு. விலை 8,150 டாலர், அதாவது நாலரை மடங்கு! நம் வெள்ளியில் பதினெட்டாயிரத்துக்கும் மேல். அந்தக் காலத்தில் நம் அரசாங்கம் மலிவு வீட்டுக்கு வைத்த உச்ச விலையே 25,000 வெள்ளிதான். வாங்கியவர்கள் யார்? பெரிய கம்பெனி அதிகாரிகள், அமெரிக்க இராணுவம், நாசா. 1983-இல் விண்வெளி ஓடத்தில் ஏறி அது வானத்துக்கே போய்விட்டது. ஆக, ஒன்றரை ஆண்டுக்குள் இரண்டு பாதைகளும் வெட்டப்பட்டுவிட்டன. ஒன்று காசு இல்லாதவனுக்குக் கனத்தைக் கொடுத்தது. மற்றது காசு உள்ளவனுக்குக் கனமில்லாததைக் கொடுத்தது.

ஆஸ்போர்ன் கம்பெனி என்ன ஆயிற்று? 1983 செப்டம்பரில் நொடித்துப் போயிற்று. புதிய மாடல் வரப்போகிறது என்று முதலாளி முன்கூட்டியே வாய்விட்டதால் பழையதை யாரும் வாங்கவில்லை என்று ஒரு கதை சொல்வார்கள். வியாபாரப் படிப்பில் அதற்கு 'ஆஸ்போர்ன் விளைவு' என்றே பெயர். எனக்கு அது பாதிக் கதையாகத்தான் படுகிறது. 1982-இல் கேப்ரோ என்ற கம்பெனி அதே 1,795 டாலருக்கு ஒன்பது அங்குலத் திரையும், ஒரு வரியில் 80 எழுத்துகளும் கொடுத்தது. கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தவர்கள் அந்தப் பக்கம் போனதில் என்ன ஆச்சரியம்? போதுமானது போதும் என்ற கொள்கை சரிதான். ஐந்து அங்குலத் திரை போதுமானதா என்பதில்தான் கணக்கு தப்பிற்று. ஆஸ்போர்ன் பிற்காலத்தில் நோய்வாய்ப்பட்டுக் கொடைக்கானலுக்கே திரும்பி வந்து, 2003-இல் அங்கேயே காலமானார்.

இந்த இருவரையும் விட எனக்குப் பிடித்தது 1983-இல் வந்த மூன்றாவது பெட்டி. டி.ஆர்.எஸ். 80 மாடல் 100. ஜப்பானின் கியோசெரா செய்தது. அமெரிக்காவில் ரேடியோ ஷாக் கடைகளில் விற்றது. எடை ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு. டார்ச்சு லைட்டுக்குப் போடும் சின்ன பேட்டரி நான்கு போட்டால் இருபது மணி நேரம் ஓடும். திரையில் எட்டே வரிகள். படம் கிடையாது, வண்ணம் கிடையாது. ஆனால் விசைப்பலகை மட்டும் முழு அளவு, தட்டுவதற்குச் சுகமானது. பத்திரிகை நிருபர்கள் அதைப் பல ஆண்டுகள் விடாமல் சுமந்தார்கள். அவர்கள் வேலை எழுதுவது. அந்த ஒன்றை மட்டும் அந்தப் பெட்டி ஒழுங்காகச் செய்தது. எதை வெட்டுவது, எதில் கை வைக்கக் கூடாது என்று தெரிந்தவன் செய்த பொருள் அது.

1985-இல் தோஷிபா, 1992-இல் ஐ.பி.எம். திங்க்பேட் என்று மடிக்கணினிகள் வரிசையாக வந்தன. அவற்றை விரிக்கப் பக்கம் போதாது. ஆனால் 1989-இல் ஆப்பிள் வெளியிட்ட மெக்கின்டாஷ் போர்ட்டபிளைச் சொல்லாமல் போக முடியாது. விலை ஏழாயிரம் டாலரை ஒட்டி. எடை ஏழு கிலோ! உள்ளே இருந்தது காரில் இருப்பது போன்ற ஈயப் பேட்டரி. அந்தப் பேட்டரி செத்துவிட்டால் சுவர் மின்சாரத்தில் செருகினாலும் பெட்டி எழுந்திருக்காது. விலை கூடினால் தரமும் கூடும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவர்களுக்கு இந்த ஒரு பெட்டி போதும்.

இனி 2007-க்கு வருவோம். மூன்றே மாத இடைவெளியில் இரண்டு பெட்டிகள் வந்தன. இன்று கடையில் நீங்கள் காணும் இரண்டு வரிசைகளுக்கும் இவையே தாத்தாக்கள். 2007 அக்டோபரில் தைவானின் ஏசூஸ் நிறுவனம் ஈ பிசி என்பதை வெளியிட்டது. ஏழு அங்குலத் திரை. ஒரு கிலோவுக்கும் குறைந்த எடை. அமெரிக்காவில் அதன் விலை 399 டாலர். 2008 ஜனவரியில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் ஒரு பழுப்பு நிறத் தபால் உறையைக் கொண்டுவந்து, அதற்குள்ளிருந்து ஒரு கணினியை உருவி எடுத்தார். மேக்புக் ஏர்! 13 அங்குலத் திரை, 1.36 கிலோ, 1,799 டாலர். சபை ஆரவாரம் செய்தது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலுமே குறுந்தட்டு போடும் இடம் இல்லை. மலிவுப் பெட்டியில் யு.எஸ்.பி. துளைகள் மூன்று, விலை கூடியதில் ஒன்றே ஒன்று! மலிவுப் பெட்டியின் அடிமூடியைத் திறந்து ரேம் என்னும் நினைவகத்தை மாற்றிப் போடலாம். விலை கூடியதில் நினைவகத்தைப் பலகையோடு பற்றவைத்துவிட்டார்கள். அப்படியானால் ஆயிரத்து நானூறு டாலர் அதிகம் கொடுத்தவன் எதை வாங்கினான்? கண்ணுக்குப் போதுமான திரையையும், பத்து விரலும் தாராளமாக நடமாடும் விசைப்பலகையையும் வாங்கினான். ஈ பிசி வெட்டியது அந்த இரண்டையும்தான். பெரியவர்கள் அதில் தட்டினால் ஓர் எழுத்துக்கு இரண்டு எழுத்து விழும். ஏர் வெட்டியதோ, பின்னால் பழுதுபார்த்துக்கொள்ளும் வசதியை. வசதி உள்ளவனுக்கு அது நஷ்டமில்லை. அவன் இன்னொன்று வாங்கிக்கொள்வான்.

அதே காலத்தில் அமெரிக்கப் பேராசிரியர் நிக்கோலஸ் நெக்ரோபோண்டே, ஏழை நாட்டுக் குழந்தைகளுக்கு நூறு டாலரில் மடிக்கணினி தருவேன் என்று 2005-இல் அறிவித்தார். செய்து முடித்தபோது விலை இருநூறு டாலரைத் தொட்டது. தென் அமெரிக்காவின் பெரு நாடு அவற்றை இலட்சக்கணக்கில் வாங்கியது. 319 கிராமப்புறப் பள்ளிகளை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2012-இல் வந்தது: கணிதத்திலும் மொழியிலும் மாணவர் தேர்ச்சி குறிப்பிடும்படி உயரவில்லை! சொல்லிக் கொடுக்க ஆளில்லாமல் பெட்டி மட்டும் போனால் அப்படித்தான்.

நம் நாட்டுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. இண்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையைத் திறந்தது 1972-இல் நம் பினாங்கில்தான். தோட்டத்தை விட்டு ஆலை வேலைக்குப் போன நம் பெண்கள் எத்தனை பேரின் விரல்கள் இந்தச் சில்லுகளைத் தொட்டிருக்குமோ! 2009-இல் திரெங்கானு மாநிலம் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குச் சின்ன மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. 2010-இலிருந்து மத்திய அரசாங்கம் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு ஒரே மலேசியா நெட்புக் வழங்கியது. உங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் ஒன்று இன்னும் கிடந்தாலும் கிடக்கும். 2012 முடிவில் ஏசூசும் ஏசரும் அந்தச் சின்னப் பெட்டி செய்வதையே நிறுத்திவிட்டன. ஜனங்கள் ஐபேட் பக்கமும் கைப்பேசி பக்கமும் போய்விட்டார்கள்.

பிறகு 2020 மார்ச் 18 வந்தது. நடமாட்டக் கட்டுப்பாடு! பள்ளிக்கூடம் வீட்டுக்குள் வந்துவிட்டது. கல்வி அமைச்சு அப்போது எடுத்த கணக்கில், 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்கருவியும் இல்லை. தொட்டுப் படிக்க ஒரு கைப்பேசிகூட இல்லை என்று அர்த்தம். இருந்த வீடுகளிலும் அப்பாவின் கைப்பேசி ஒன்று, பிள்ளைகள் மூன்று. அப்பா வேலைக்காட்டிலிருந்து திரும்பும் வரை பாடம் காத்திருக்கும். 2021-ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில், 500 பள்ளிகளில் 150,000 மாணவர்களுக்கு மடிக்கணினி தரும் 'செர்டிக்' நிதி அறிவிக்கப்பட்டது. பக்கத்துச் சிங்கப்பூரிலோ, 2021-க்குள் எல்லா உயர்நிலைப்பள்ளி மாணவர்க்கும் ஆளுக்கொரு கருவி என்று ஏற்பாடு செய்தார்கள். ஆடம்பரம் என்று நாம் நினைத்திருந்த பொருள் அந்த ஓராண்டில் பாடப் புத்தகமாக மாறிவிட்டது.

இனி கடைக்குள் போவோம். இன்றைய மலிவுப் பெட்டியில் எதை வெட்டுகிறார்கள்? பெரும்பாலும் நினைவகத்தையும் சேமிப்பகத்தையும். விண்டோஸ் 11 ஓடுவதற்கு மைக்ரோசாப்ட் சொல்லும் மிகக் குறைந்த அளவு 4 ஜி.பி. நினைவகம், 64 ஜி.பி. சேமிப்பகம். சரியாக அந்த அளவோடு ஒரு பெட்டியை விற்றால் என்ன பொருள்? நாலு பேர் வீட்டில் நாலே தட்டுச் சோறு மாதிரி. ஒரு விருந்தாளி வந்தாலும் தட்டுப்பாடு. ஆறு மாதத்தில் அந்தப் பெட்டி ஆமை வேகத்தில் நகரும். அதையும் பலகையோடு பற்றவைத்திருந்தால் பிறகு மாற்றவும் வழியில்லை. அப்படிப்பட்டதை ஆயிரம் வெள்ளிக்குக் கொடுத்தாலும் வேண்டாம் என்பேன். 8 ஜி.பி. நினைவகமும் 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யும் இருந்தால்தான் மலிவுப் பெட்டி பிள்ளைக்கு உதவும்.

விலை கூடியதன் பக்கம் இருக்கும் நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். 1,500 வெள்ளிப் பெட்டி இரண்டு ஆண்டில் ஓய்ந்துபோய், 4,500 வெள்ளிப் பெட்டி ஆறு ஆண்டு உழைத்தால், இரண்டுக்கும் வருடச் செலவு அதே 750 வெள்ளிதான். கணக்கு சரி. ஆனால் 4,500-ஐ மொத்தமாக எடுத்து வைக்க எத்தனை பேரால் முடியும்? தவணையில் எடுத்தால் வட்டி. இன்னொன்று: கோப்பிக் கிளாஸ் ஒன்று கவிழ்ந்தாலோ, பஸ்ஸில் பை தொலைந்தாலோ, ஆறு ஆண்டுக் கணக்கும் ஒரே நாளில் போச்சு! பல்கலைக்கழகம் போய், தினமும் சுமந்துகொண்டு வகுப்புக்கு வகுப்பு ஏறி இறங்கும் பிள்ளைக்கு, வீட்டில் கடன் இல்லாமல் வாங்க முடிந்தால், அந்த மெலிந்த பெட்டி தகும். ஐந்தாம் படிவம் படித்துக்கொண்டு வீட்டு மேசையில் வைத்து எழுதும் பிள்ளைக்கு 300 கிராம் எடை குறைந்தால் என்ன, கூடினால் என்ன?

மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. மாடல் 100-இன் வழி என்று அதைச் சொல்வேன். பெரிய அலுவலகங்கள் மூன்று நாலு ஆண்டு உழைத்த மடிக்கணினிகளைக் கழித்துவிடும். கறுப்பாக, தடிப்பாக, பார்க்க லட்சணமில்லாமல் இருக்கும். ஆனால் நாள் முழுக்கத் தட்டுவதற்கென்றே செய்த விசைப்பலகை. பல மாடல்களில் அடிமூடியைத் திறந்து நினைவகத்தைக் கூட்டலாம், பேட்டரியை மாற்றலாம். புதிய மலிவுப் பெட்டியின் விலைக்கோ அதற்குக் கீழோ கிடைக்கும். பேட்டரி தளர்ந்திருக்கும் என்பதை எதிர்பார்த்தே போங்கள். ஒரு கண்ணி மட்டும் உண்டு. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு பொதுவாக நிறுத்திவிட்டது. ஆகவே விண்டோஸ் 11 ஏற்கும் பெட்டியா என்று பாருங்கள். இண்டெல் சில்லு என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். உத்தரவாதம் எழுத்தில் தராத கடைக்குள் நுழையாதீர்கள்.

எதை எடுத்தாலும் பிள்ளையைக் கூடவே அழைத்துப் போங்கள். கடைக்காரர் படம் ஓட்டிக் காட்டுவார். பாட்டுப் போட்டுக் காட்டுவார். "இருக்கட்டும் தவுக்கே" என்று சொல்லிவிட்டு, பிள்ளையை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு பக்கம் தமிழிலும் ஒரு பக்கம் மலாயிலும் தட்டச் சொல்லுங்கள். கால் மணி நேரம் ஆகும். கடைக்காரர் முகத்தைச் சுளித்தாலும் பரவாயில்லை, காசு நம்முடையது. திரையைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். மூடியை நாலு தடவை திறந்து மூடிப் பாருங்கள். ரேமைப் பின்னால் கூட்ட முடியுமா என்று கேட்டு, அதைப் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.